படப் புத்தகத்திலிருந்து பாவனை விளையாட்டுக்கு: எதை எடுப்பது, எப்படி வாசிப்பது, எப்போது சும்மா இருப்பது

கற்பனையை வளர்க்கும் என்று அட்டையிலேயே போட்டுக்கொள்ளும் குழந்தைப் புத்தகங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கற்பனை செய்கிற வேலையை நிறைய நேரம் அந்தப் புத்தகமே செய்து முடித்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் சிங்கம் கர்ஜிக்கிறது, பக்கத்தைத் திருப்பினால் காகிதக் கோட்டை எழுந்து நிற்கிறது, கடைசிப் பக்கத்தில் நீதி வேறு. குழந்தைக்கு மிச்சம் இருப்பது பட்டன் அழுத்துகிற வேலைதான். விளையாட வைக்கிற புத்தகம் ஏதோ ஒன்றைப் பாதியில் விட்டிருக்கும். அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று வாங்கும்போதே கண்டுபிடிப்பது, வாசிக்கும்போது அதை நாமே நிரப்பிவிடாமல் இருப்பது, மூடிய பிறகு நாலு சாமானைக் கைக்கு எட்டும் இடத்தில் போட்டுவைப்பது. ஒன்றரை வயதிலிருந்து ஏழு வயது வரை, வேலை இவ்வளவுதான். சொல்ல எளிது, நடுவில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

வயதுக்குத் தக்கபடி

ஒன்றரை, இரண்டு வயதில் பாவனை விளையாட்டு என்பது ஒரே ஒரு செயல். காலிக் கிண்ணத்திலிருந்து பொம்மைக்கு ஊட்டுவது, கையைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது, தூங்குவது போலக் கண்ணை இறுக்கி மூடுவது. இந்த வயதுக்கு டிராகனும் விண்கலமும் வேண்டாம். குளிப்பது, தலை சீவுவது, பஸ் ஓட்டுவது என்று தினமும் கண்ணில் படும் செயல்களைப் பக்கத்துக்கு ஒன்றாகக் காட்டும் கெட்டி அட்டைப் புத்தகம் போதும். மூன்று வயது தாண்டும்போது செயல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரு சம்பவமாகும்: நோயாளி வருவார், ஊசி போடப்படும், நோயாளி அழுவார், அப்புறம் சரியாகிவிடும். ஐந்தை நெருங்கினால் சட்டதிட்டம் வந்துவிடும். 'நீ ராஜா இல்ல, நீ காவல்காரன், காவல்காரன் பேசக் கூடாது' என்று பாதி நேரம் விளையாடாமல் யார் என்ன வேஷம் என்பதிலேயே போகும், அதுவும் விளையாட்டுதான். இவர்களுக்கு ஒரு பிரச்சனை, ஒரு பயணம், ஒரு ரகசிய இடம் உள்ள கதைகள் பிடிக்கும். அட்டையில் அச்சடித்த வயதைவிட, குழந்தை இப்போது எப்படி விளையாடுகிறது என்பதைப் பார்த்து எடுத்தால் தவறாது.

கையில் எடுத்துப் புரட்டும்போது

முதலில் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டுங்கள். எழுத்து சொல்லாத ஏதாவது படத்தில் நடக்கிறதா? கதை ஒரு பையனைப் பற்றிப் போய்க்கொண்டிருக்க, மூலையில் ஒரு பூனை தனக்கென்று ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். பூனையின் கதையை யாரும் சொல்லவில்லை, அதனால் அது குழந்தைக்குச் சொந்தம். எழுத்தில் 'சிவப்புத் தொப்பி' என்றும் படத்தில் சிவப்புத் தொப்பி மட்டும் என்றும் வந்தால் அது பெயர் கற்றுக்கொள்ள நல்ல புத்தகம், விளையாடுவதற்கு அதிகம் தராது.

இரண்டாவது, கதையில் வரும் முக்கியப் பொருள் வீட்டில் இருக்கக்கூடியதா என்று பாருங்கள். போர்வை, பெட்டி, குச்சி, வாளி, நாற்காலி. மந்திரக்கோலால் எல்லாம் நடக்கிற கதையைக் கேட்டுவிட்டுக் குழந்தை மந்திரக்கோலைத்தான் கேட்கும், வாங்கித் தந்தால் மறுநாள் மூலையில் கிடக்கும். சாதாரணப் பொருள் வேறொன்றாக மாறுவதைக் காட்டுகிற கதைக்கு ஒரு நல்ல உதாரணம் அன்டோனெட் போர்ட்டிஸ் 2006-ல் வெளியிட்ட 'நாட் எ பாக்ஸ்'. ஒரு முயலும் ஒரு பெட்டியும், அவ்வளவுதான். பெட்டியில் என்ன செய்கிறாய் என்று யாரோ கேட்கிறார்கள், இது பெட்டியே இல்லை என்கிறது முயல், பக்கத்தைத் திருப்பினால் அதே பெட்டியின் மேல் சிவப்புக் கோடுகளில் ஒரு பந்தயக் கார். பெட்டி எங்கும் போய்விடவில்லை, கோட்டுக்கு அடியில் அப்படியே தெரிகிறது. பெட்டியாகவும் காராகவும் ஒரே சமயத்தில் இருப்பதுதானே பாவனை விளையாட்டு, அதை ஒரு கோட்டில் காட்டிவிடுகிறார்.

மூன்றாவது, பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான், பெரிய தாளை அச்சடித்து மடிக்கும்போது 8, 16 என்ற மடங்குகளில் வருவதால் அந்தக் கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போனால் கதைக்குப் பதினைந்துக்கும் குறைவான விரிப்புகள்தான் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) கிடைக்கும். எனவே நல்ல கதைக்காரர்கள் தாண்டித் தாண்டித்தான் போவார்கள். இந்தப் பக்கத்தில் கிளம்பினான், அடுத்த பக்கத்தில் தீவில் நிற்கிறான் என்றால் நடுவில் கடலில் என்ன நடந்தது என்பது விளையாட்டுக்கு விட்ட இடம். ஒன்றையும் விடாமல் விளக்கிக்கொண்டே போகும் புத்தகத்தில் இந்தப் பள்ளம் இருக்காது. மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆரம்பத்தில் வெள்ளை ஓரத்துக்குள் சின்னதாக இருக்கும் படம், பையனின் அறை காடாக மாற மாற வளர்ந்து பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்துக்குள்ளும் நுழைந்து, கும்மாளம் போடுகிற இடத்தில் மூன்று விரிப்புகளுக்கு எழுத்தே இல்லாமல் போய்விடுகிறது. ஆட்டம் முடிந்த பிறகுதான் எழுத்து திரும்ப வரும். அந்த மூன்று விரிப்புகளில் வாசிக்க ஒன்றும் இல்லையே என்று சட்டென்று திருப்பிவிடுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன், அங்கேதான் நிற்க வேண்டும், எழுந்து ஆட வேண்டுமென்றாலும் அங்கேதான்.

எழுத்தே இல்லாத புத்தகங்களையும் ஒதுக்காதீர்கள். காசு கொடுத்து எழுத்தில்லாத புத்தகமா என்று தோன்றும். ஆனால் யார் வேண்டுமானாலும் எந்த மொழியில் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எழுத்துக் கூட்டத் தெரியாத தாத்தா பாட்டியும் வாசிக்கலாம், நாலு வயதுக் குழந்தை இரண்டு வயதுக் குழந்தைக்கும் வாசித்துக் காட்டலாம்.

தள்ளி வைக்க வேண்டியவை: டிவியில் வரும் பாத்திரங்களை வைத்துப் போட்ட புத்தகங்கள் (குழந்தைக்கு அந்தக் குரலும் வசனமும் ஏற்கெனவே மனப்பாடம், புதிதாக ஒன்றும் செய்ய மாட்டாள்), கடைசிப் பக்கத்தில் ஒழுக்கப் பாடம் நடத்துபவை, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெரியவர்களுக்குக் கேள்வி அச்சடித்தவை. சத்தம் போடும் புத்தகம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒரு விஷயம், அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரியின் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

வாசிக்கும் முறை

முதல் தடவை நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள். கேள்வி வேண்டாம், இது என்ன நிறம், இங்கே எத்தனை வாத்து என்கிற பரீட்சை நிச்சயமாக வேண்டாம். கதை முழுசாக ஒரு முறை காதில் விழட்டும். இரண்டாவது மூன்றாவது தடவையில் வேகத்தைக் குறைத்து, பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கொஞ்சம் சும்மா இருந்து பாருங்கள். அந்த இடைவெளியில் குழந்தை ஏதாவது சொல்லும், சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுங்கள். 'நாய் ஓடுது' என்றால் 'ஆமா, நாய் பயந்து ஓடுது' என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும், ஏன் பயந்தது என்று குழந்தையே ஆரம்பித்துவிடும்.

இப்படிக் குழந்தையைக் கதைசொல்லி ஆக்கிவிட்டுப் பெரியவர் கேட்பவராக மாறும் முறையை அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் கூட இருந்தவர்களும் 1988-ல் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஆமாம் இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேட்கவும் பதிலை விரிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல வாசித்துக்காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிட முன்னே போயிருந்தது. அது பேச்சுக்காகச் செய்த சோதனை, விளையாட்டுக்காக அல்ல. ஆனால் கதை யார் கையில் இருக்கிறது என்ற விஷயம் இரண்டுக்கும் பொது. கதை அப்பாவின் சொத்து, நான் கேட்கத்தான் வேண்டும் என்று பழகிய குழந்தை, புத்தகத்தை மூடிய பிறகு அதை எடுத்து விளையாடத் துணிவதில்லை.

கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் பதில் புத்தகத்தில் இல்லாத கேள்வியாகக் கேளுங்கள். 'இந்தக் கதவுக்குப் பின்னால யார் இருக்கா?' 'இந்தப் பூனை ராத்திரி எங்க தூங்கும்?' ஒரு வாசிப்புக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். பதில் எதுவானாலும் சரி, யானை என்று சொன்னால் யானைதான், கதவு சின்னதாக இருக்கிறதே என்று தர்க்கம் பேசாதீர்கள்.

அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் வாசியுங்கள். விளையாட்டு பெரும்பாலும் முதல் வாசிப்பில் வராது, கதை மனப்பாடம் ஆன பிறகுதான் அதைக் கலைத்துப் பார்க்கத் தைரியம் வரும். மாதம் பத்துப் புத்தகம் வாங்கி அடுக்குவதைவிட இரண்டை நைந்து போகும்வரை வாசிப்பது எவ்வளவோ மேல்.

மூடிய பிறகு

இங்கே வைகாட்ஸ்கி சொன்ன ஒரு விஷயம் கைகொடுக்கும். 1933-ல் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி நடத்திய உரையில் அந்த ரஷ்ய உளவியலாளர், எந்தக் குச்சி வேண்டுமானாலும் குதிரையாகும், ஆனால் ஒரு தபால் அட்டை குதிரையாக முடியாது என்றார். காலுக்கு நடுவில் வைத்து ஓட முடிந்தால்தான் குதிரை. அதாவது பொருள் அசலைப் போலத் தெரிய வேண்டியதில்லை, அசலை வைத்துச் செய்கிற செயலை அதை வைத்துச் செய்ய வரவேண்டும். கதையில் கப்பல் வந்தால் கப்பல் பொம்மை தேடாதீர்கள், உள்ளே ஏறி உட்காரக்கூடிய ஒன்றைக் கொண்டுவாருங்கள். குகை வந்தால் தவழ்ந்து நுழையக்கூடிய ஒன்று. சமையல் வந்தால் கிண்டுவதற்கு ஒன்று, அதற்குள் போட நாலு.

அட்டைப்பெட்டி, போர்வை, குச்சி மூன்றும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் பொம்மைகளுக்கென்று ஒரு புகழ்க்கூடம் நடத்துகிறது, பெரிய பெரிய பொம்மைகளுக்கு நடுவே அட்டைப்பெட்டியை 2005-லும், குச்சியை 2008-லும், போர்வையை 2011-லும் அதில் சேர்த்தார்கள். நியாயமான முடிவு. இதோடு துணி மாட்டும் க்ளிப், பழைய துப்பட்டா, மரக்கரண்டி, அட்டைக் குழாய், தலையணை இருந்தால் பெரும்பாலான கதைகளைக் கட்டி எழுப்பிவிடலாம். பெட்டியில் ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்கிவிடுங்கள், பிளாஸ்டிக் பையும் நீளக் கயிறும் விளையாட்டுச் சாமானில் சேர வேண்டாம், மூன்று வயதுக்குக் கீழே யாராவது வீட்டில் இருந்தால் வாய்க்குள் போகிற அளவு எதுவும் கூடாது.

எடுத்து வைப்பதில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. 'வா, அந்தக் கதையை விளையாடலாம்' என்று கூப்பிட்டால் வருவது குறைவு, வந்தாலும் நீங்கள் இயக்குநர், குழந்தை நடிகர் என்று ஆகிவிடும். வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி விரித்துத் தரையில் வைத்து, பக்கத்தில் போர்வையையும் இரண்டு நாற்காலியையும் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அன்றைக்கே ஒன்றும் நடக்காமல் போகலாம். இரண்டு நாள் கழித்து, வேறு ஏதோ கோபத்தில் போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டு 'இது குகை, யாரும் வரக் கூடாது' என்று குரல் வரும், புத்தகம் அப்போதுதான் வேலை செய்கிறது.

உள்ளே கூப்பிட்டால்

கூப்பிட்டால் மட்டும் போங்கள், சின்ன வேஷம் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வாடிக்கையாளர், பஸ்ஸில் பயணி, மருத்துவரிடம் வந்த நோயாளி. ராஜாவாகவோ கேப்டனாகவோ போனால் கதை உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். என்ன பேச வேண்டும் என்று தெரியாவிட்டால் ஒரு தொல்லையைக் கொண்டுபோங்கள்: 'ஐயய்யோ கேப்டன், ஓட்டையில தண்ணி வருது!' விளையாட்டு சோர்ந்து போகும் நேரத்தில் இப்படி ஒரு வரி போதும், அது மறுபடி ஓடும். ஆனால் ஓட்டையை எப்படி அடைப்பது என்று நீங்கள் சொல்லக் கூடாது.

'புத்தகத்துல அப்படி இல்லையே' என்ற வரியை வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். கதையில் நரி கெட்டவன், குழந்தையின் விளையாட்டில் நரிக்குக் காய்ச்சல், எல்லோரும் சேர்ந்து மருந்து கொடுக்கிறார்கள் என்றால் அது புத்தகத்துக்குக் கிடைத்த மரியாதை. விளையாட்டின் நடுவில் எண்ணிக்கையும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். பாவனை விளையாட்டால் புத்தி வளரும் என்று பெரிதாகப் பேசுகிறார்கள்தான், ஆனால் உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் மற்றவர்களும் 2013-ல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, அந்த வளர்ச்சிக்கெல்லாம் பாவனை விளையாட்டுதான் காரணம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சந்தோஷமாக இருக்கிறது என்ற காரணம் போதும், சத்து மாத்திரையாக நினைத்து விளையாட்டைப் புகட்ட வேண்டியதில்லை என்று நிம்மதிதான்.

சரியாக வராதபோது

சில குழந்தைகளுக்கு வேஷம் போடுவதில் ஆர்வமே இருக்காது. கட்டுவார்கள், அடுக்குவார்கள், வரிசையாக நிறுத்துவார்கள். அவர்களிடம் 'நீ சிங்கம்' என்று சொல்லிப் பயனில்லை, சிங்கத்துக்கு வீடு வேண்டுமாம் என்று சொல்லிப் பாருங்கள். தன்னை மாற்றிக்கொள்ளக் கூச்சப்படும் குழந்தைகள் சின்ன பொம்மைகளை வைத்து, மேலிருந்து பார்த்துக்கொண்டு கதை நடத்துவார்கள், அதுவும் அதே விளையாட்டுதான். இரண்டரை வயது தாண்டியும் எந்த விதமான பாவனையும் இல்லை, பேச்சும் கண்பார்த்துப் பழகுவதும் குறைவாக இருக்கிறது என்றால் புத்தகத்தை மாற்றுவதில் நேரம் போக்காமல் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெரியவள் கட்டியதைச் சின்னவன் வந்து இடிப்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான சண்டை. சின்னவனை வெளியே தூக்கிக்கொண்டு போவதற்குப் பதில் இடிப்பதே வேலையாக உள்ள ஒரு வேஷத்தைக் கொடுத்துவிடலாம்: புயல், பேரலை, பசித்த ராட்சசன். பெரியவள் முதலில் முறைப்பாள், அப்புறம் புயலுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள்.

பயம் வந்தால்? ராட்சசன் கதையைக் கேட்டுவிட்டு ராத்திரி அழுதால் அந்தப் புத்தகத்தைச் சில வாரம் எடுத்து வைத்துவிடுங்கள், தைரியம் கற்றுக்கொடுக்கிறேன் என்று மறுபடி வாசிக்க வேண்டாம். பகலில் குழந்தையே ராட்சசனாகி உங்களைத் துரத்த ஆரம்பித்தால் திரும்ப எடுக்கலாம்.

சொந்தமாக ஒரு புத்தகம்

விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் அதையே புத்தகமாக்கிவிடலாம். ஒரு ஏ4 தாள் போதும், பசையும் பின்னும் வேண்டாம். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். இப்போது குறுக்குவாக்கில் பாதியாக மடித்து, அதையே மறுபடி அதே பக்கமாகப் பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். குறுக்கே ஒரே ஒரு மடிப்போடு வைத்துக்கொண்டு, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் மேலேயே அடுத்த மடிப்பு வரை மட்டும் கத்தரியுங்கள். தாளை முழுக்க விரித்தால் நடுவில் ஒரு நீளக் கீறல் இருக்கும். இனி நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும், அதை ஒரு பக்கமாகச் சுற்றி மடித்து அழுத்தினால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் தயார்.

படம் குழந்தை வரையட்டும், எழுத்து நீங்கள் எழுதுங்கள், ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாமல், 'அப்புறம் அப்புறம் அது வந்து' என்பதையும் சேர்த்து. சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி பல வருடம் தன் வகுப்பில் செய்தது இதுதான்: குழந்தை ஒரு கதை சொல்லும், அவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார், பிறகு அவர் வாசிக்க வாசிக்க மற்ற குழந்தைகள் அதை நடிப்பார்கள், எந்த வேஷம் தனக்கு என்று கதை சொன்ன குழந்தை தேர்ந்தெடுக்கும். வீட்டில் ஆள் குறைவு, ஒருவரே மூன்று வேஷம் போட வேண்டியிருக்கும், பரவாயில்லை. நடிக்கும்போது போனை எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள், கேமராவைப் பார்த்ததும் குழந்தை விளையாடுவதை விட்டுவிட்டு நடித்துக் காட்ட ஆரம்பித்துவிடும். மறுநாள் அதே கதையில் திருடன் போலீஸ் ஆகிவிட்டால் பழைய புத்தகத்தில் அடித்துத் திருத்தாமல் இன்னொரு தாளை மடியுங்கள், அட்டையில் தேதியைப் போட்டு, கடையில் வாங்கிய புத்தகங்களோடு அதே அலமாரியில் வையுங்கள், ராத்திரி வாசிக்க எதை எடுப்பது என்று கேட்கும்போது அதுவும் கணக்கில் வரட்டும்.